கூரைக் குழுத் தலைவரின் கூரை

அருள்பிரகாசம் வீட்டு மொட்டை மாடியில் வெடிப்பு விழுந்ததும் அவருக்குப் பதவி கிடைத்ததும் ஒரே மாதத்தில். வெடிப்பு அப்போது தலைமுடி அளவு. பதவியும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் வளர்த்து ஆளாக்கியது அவருடைய சொந்த உழைப்பு.

பதவியின் பெயர் நீளம்: பங்குக் கோயில் கூரைப் பராமரிப்பு மற்றும் முன்னெச்சரிக்கைக் குழுத் தலைவர். கோயில் கூரை ஓரிடத்தில் மழைக்கு ஒழுகியது. அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் ஜெரி ஃபாதர் பூசை முடிவில் சொன்னார். அவர் கேட்டது ஏணி ஏறத் தெரிந்த ஆளை. எழுந்து நின்றது அருள்பிரகாசம். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்து, லாரிகளின் எடையை எழுதிக் கொடுத்து, ஓய்வு பெற்றவர். ராயபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் தன்னைப் 'போர்ட் ஆபீசர்' என்று அறிமுகம் செய்துகொள்வார். பழைய ஆட்களிடம் அறிமுகமே செய்துகொள்ள மாட்டார். அவர்களுக்குத்தான் தெரியுமே.

குழு கூடியது. முதல் கூட்டத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்வதென்று முடிவானது. இரண்டாவதில் ஸ்டாம்பில் சிலுவை மேலே வரவேண்டுமா தலைவர் பெயர் மேலே வரவேண்டுமா என்று விவாதம். மூன்றாவதில் வாட்ஸப் குழு தொடங்கி, எல்லாரும் எல்லாருக்கும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். நான்காம் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை சிலுவைமுத்து ஏணியைச் சாத்தி மேலே ஏறி, உடைந்த மூன்று ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கி வந்து, டீ இருக்கிறதா என்று கேட்டார். ஒழுகல் நின்றுவிட்டது. அனுமதி பெறாமல் கூரை ஏறிய குற்றத்துக்காக ஐந்தாம் கூட்டத்தில் அவர்மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. ஒழுகாத கூரைக்குக் குழு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பராமரிப்புதான் முடிந்தது, முன்னெச்சரிக்கை மிச்சம் இருக்கிறதே.

அந்த மிச்சத்தைத்தான் அருள்பிரகாசம் பிடித்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து சனங்கள் செருப்பைத் தேடும் நேரத்தில், மைக்கைப் பிடித்துக் 'கூரை விழிப்புணர்வு' பேசுவார்.

"அன்பார்ந்த இறைமக்களே! சின்ன விரிசல்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். நம்முடையது கடற்கரை ஊர். காற்றில் உப்பு இருக்கிறது. விரிசல் வழியே தண்ணீர் இறங்கும், தண்ணீரோடு உப்பு இறங்கும், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும். கம்பி உப்பினால் காரை பெயரும். வெயில் காலத்தில் அரை நாளில் முடிகிற வேலையைத் தள்ளிப் போட்டு, மழைக் காலத்தில் தலையில் கைவைத்து உட்காராதீர்கள்!"

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செல்போனில் பார்த்து எழுதி வைத்து மனப்பாடம் செய்தது. உண்மையை இந்த மாதிரி ஆட்கள் எடுத்துச் சொல்லித்தான் உண்மைக்கு ஊரில் மரியாதை குறைந்துபோகிறது.

இனி அந்த வீடு. கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. வாசலில் கருங்கல் பலகையில் 'அருள்பிரகாசம் இல்லம்' என்று தங்க எழுத்து. அந்தப் பலகையைத் தவிர வீட்டில் அருள்பிரகாசத்துடையது என்று ஒரு செங்கல் கிடையாது. கட்டியவர் அவர் மாமனார் டென்னிஸ், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் தளம் என்று பதினாறு வருடம் கட்டினார். ஒரே மகள் எல்சி பெயரில் எழுதி வைத்துவிட்டு, குடிபுகுந்த மூன்றாம் வருடம் செத்துப்போனார். எல்சிக்கு அந்த வீடுதான் அப்பா.

வெடிப்பை முதலில் பார்த்ததும் எல்சிதான். மொட்டை மாடியில் நெத்திலி காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தவளுக்கு, தண்ணீர்த் தொட்டியின் மேடைக்குப் பக்கத்தில் தட்டோடுகளின் குறுக்கே ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் போனது; வெளியே வரவில்லை. அன்றைக்கே ஆள் அனுப்பிக் கொத்தனார் மதார் சாகிப்பை அழைத்து வந்தாள்.

மதார் சாகிப் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் கோட்டை வருடி, கரண்டிக் காம்பால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டார்.

"எல்சிம்மா, இது ஒரு மேட்டரே இல்ல. தட்டோடு ஒரு பத்து பேத்து எடுத்துட்டு, வெடிப்ப கொத்தி, கலவ வச்சி அடச்சிட்டு, மேல வாட்டர் ப்ரூஃப் பூசிட்டா முட்ஞ்சுது. காலீல வந்தேன்னா மத்தியான சோத்துக்கு வூட்டுக்குப் பூடுவேன். ஆனா மழைக்கு முன்னாடி பண்ணிடணும். தண்ணி உள்ள பூந்துச்சுன்னா அப்பால அது உன் பேச்சும் கேக்காது, என் பேச்சும் கேக்காது."

"நாளைக்கே வந்துரு பாய்."

அப்போதுதான் அருள்பிரகாசம் மாடிக்கு வந்தார். வந்தவர் வெடிப்பைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பால்கனியைப் பார்த்தார்.

எதிர்வீடு சைமனுடையது. ரயிலில் கார்டாக இருந்து முப்பது வருடம் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கொடி இல்லை. சந்தில் யார் வீட்டில் எது நடந்தாலும் நாக்கைக் காட்டுகிறார். நாள் முழுக்கப் பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அந்தப் பேப்பர் ஒரு மணி நேரமாக ஒரே பக்கத்தில் நிற்கும்.

"பாய், கீழ எறங்கு," என்றார் அருள்பிரகாசம், உதடு அசையாமல். "கரண்டிய சட்டைக்குள்ள வச்சிக்கினு எறங்கு."

"சட்டைக்குள்ள வச்சிக்கினு எறங்க நான் இன்னா சார், ஜேப்படிக்காரனா?"

"எறங்குன்றேன்ல!"

அருள்பிரகாசத்துக்கு இரண்டு தமிழ் உண்டு. மைக் முன்னால் ஒன்று. பயந்தால் ஒன்று. பயத்தில் வருவதுதான் அவருடைய தாய்மொழி.

மதார் சாகிப் போன பிறகு எல்சி கேட்டாள்: "இன்னாங்க, அரை நாள் வேலையாம். அதுக்கு ஏன் அவர தொரத்துறீங்க?"

"ஒனக்கு ஒன்னும் புரியாது எல்சி. கூரைக் குழுத் தலைவரு வூட்டுக் கூரைல கொத்தனாரு குந்திகினு கீறாருன்னா ஊரு இன்னா சொல்லும்? அந்த சைமன் இன்னா சொல்லுவான்?"

"ஊருக்கு சொன்னத வூட்ல செய்றாருன்னு சொல்லும்."

"சொல்லாது. தலைவரு வூடே ஒழுகுதுன்னு சொல்லும். டாக்டர் வூட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கலாமா?"

"டாக்டருக்கும் நெஞ்சு வலிக்கும்."

"வலிக்கும். வெளில சொல்ல மாட்டாரு."

எல்சிக்கு மேலே பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் இந்த மனிதர் மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து, நான்காம் நாள் ஃபாதரிடம் போய் மனைவி ஒத்துழைப்பதில்லை என்று சொல்வார். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அதனால் விட்டாள். அது அவள் செய்த தப்பு.

அந்த வருட மழையில் ஹால் தளத்தின் நடுவே ஒரு கறை வந்தது. முதலில் சாசர் அளவு, பிறகு இடியாப்பத் தட்டு அளவு, கார்த்திகை முடிவதற்குள் சிலோன் மேப் மாதிரி. கறையின் நடுவிலிருந்து சொட்டியது. எல்சி பிளாஸ்டிக் பக்கெட் வைத்தாள். யாராவது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால் அருள்பிரகாசம் ஓடிப் போய்ப் பக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். மீறி உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தவர்களிடம், "ஓதம்," என்றார். "கடலோர வீடுனா ஓதம் இல்லாம இருக்குமா?" ஓதம் கீழேயிருந்து சுவரில் ஏறும், தளத்தின் நடுவிலிருந்து தொங்காது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே மாதிரி ஓதம் இருந்தது.

முதல் ஞாயிறுகளில் பேச்சு தொடர்ந்தது. மழைக் காலத்தில் ஒரே ஒரு மாற்றம்: 'இன்று நூலளவு, நாளை கையளவு' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். எங்கிருந்து எடுத்தார் என்று எல்சிக்கு மட்டும் தெரியும்.

கோடை வந்தது. ஒருநாள் காலையில், "ஹால் தளத்துக்கு ஆள் சொல்லிட்டேன்," என்றார். எல்சி மெய்யாலுமே சந்தோஷப்பட்டுவிட்டாள். நல்ல டீத்தூள் போட்டு டீ வைத்தாள். வந்தது மதார் சாகிப் இல்லை. டோல்கேட் பக்கம் கடை வைத்திருக்கும் ரஷீது. கையில் இருந்தது ஆல்பம். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்.

ரஷீது தொழில் தெரிந்த ஆள். நிமிர்ந்து கறையைப் பார்த்ததுமே ஆல்பத்தை மூடிவிட்டார்.

"சார், மேல தண்ணி எறங்குது. மொதல்ல அத்த நிறுத்துங்க. நான் அப்பால வந்து போட்டுத் தரேன்."

"தம்பி, ஒன்ன கூப்ட்டது மேல பாக்கறதுக்கா, கீழ பாக்கறதுக்கா?"

"கீழ பாக்கறதுக்குத்தான் சார்."

"அப்ப கீழ பாரு."

ரஷீது கீழே பார்த்தார். பார்த்த மட்டில் மிக நன்றாகவே செய்தார். ஹால் முழுக்க வழவழவென்று வெள்ளைப் பலகை. நடுவில் எட்டு இதழ்களோடு பெரிய பூ. பூவைச் சுற்றி நீல விளக்கு. கறை போன இடம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிட்டது. அருள்பிரகாசத்தின் பொறியியல் அவ்வளவுதான்.

மந்திரிக்க ஜெரி ஃபாதர் வந்தார். புதுச் சீலிங் என்பதால் அண்ணாந்து மேல்நோக்கித் தீர்த்தம் தெளித்தார். கீழிருந்து மேலே தண்ணீர் போவது அந்தத் தளத்துக்கு அதுதான் முதல் தடவை. சைமனும் வந்திருந்தார். அரை மணி நேரம் அண்ணாந்து தேடியும் ஒரு குறையும் அகப்படாததால் கழுத்து வலியோடு கேசரி சாப்பிட்டார்.

"இன்னாபா அருளு, வூடு கல்யாண மண்டபம் கணக்கா கீது?"

"கூரைனா ஒரு கௌரவம் வேணும் சைமன்," என்றார் அருள்பிரகாசம்.

அடுத்த மழை புரட்டாசியிலேயே ஆரம்பித்தது. இப்போது பக்கெட் தேவைப்படவில்லை. சொட்டியதெல்லாம் பலகைக்கு மேலே விழுந்து, அங்கேயே தங்கியது. எல்சிக்குச் சத்தம் மட்டும் கேட்கும். தையல் மிஷினை நிறுத்தினால் டக், டக் என்று தலைக்கு மேலே. பிறகு அந்தச் சத்தம் மாறி, தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தமாயிற்று. நீல விளக்குகளில் மூன்று அணைந்தன. எல்சி அந்தப் பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டு வைத்தாள். பூவின் நடுவில் லேசாகத் தொப்பை விழுந்தது.

"இன்னாங்க, பூவு எறங்கியிருக்கு பாருங்க."

"அது டிசைன்."

"போன மாசம் அந்த டிசைன் இல்ல."

"வெளிச்சத்துல அப்டி தெரியுது. கண்ணாடிய மாத்து."

"எங்கப்பா கட்னதுங்க இது. பலகைக்கு மேல இன்னா நடக்குதுன்னாவது ஒரு தபா பாய கூப்ட்டு பாத்துடலாம். ராத்திரில வேணா வரச் சொல்றேன். யாருக்கும் தெரியாது."

"மாதா வர்ற மாசத்துல வூட்ட கொத்துறதா? ஒனக்கு பக்தியே இல்ல எல்சி."

மாதா வருவது உண்மைதான். அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த அன்பியத்தில், அதாவது சந்தின் முப்பது குடும்பமும் சேர்ந்த ஜெபக் கூட்டத்தில், மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். அருள்பிரகாசம் தன் முறையைக் கடைசி வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தார். அந்த வாரம்தான் ஃபாதர் வருவார். அதற்கு அடுத்த ஞாயிறு, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். கூரைக்கு மேலே இன்னும் ஒரு படி இருக்கிறதல்லவா?

ஹாலின் நடுவே, பூவுக்கு நேர் கீழே, மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்.

"மாதாவ ஓரமா வைக்கலாங்க," என்றாள் எல்சி.

"ஓரமா வைக்க மாதா இன்னா ஸ்டூலா? லைட்டு போட்டா தலைக்கு மேல நீலமா ஒளிவட்டம் வரும். ஃபாதர் அசந்துடுவாரு. ஃபியூஸ எங்க வச்ச?"

"எலி தூக்கினு பூட்ச்சி."

இரண்டு நாளாக விடாத மழை. அப்படியும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. குடைகள் வாசலில் குவிந்தன. முன்வரிசையில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகள், நாற்காலியில் பெரியவர்கள், ஃபாதருக்குக் குஷன் போட்ட நாற்காலி. சைமன் பேப்பர் இல்லாமல் வந்ததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எல்சி சமையற்கட்டு நிலைப்படியில் நின்றாள். அவள் ஜெபமாலையைப் பார்க்கவில்லை, மாதாவையும் பார்க்கவில்லை. பூவையே பார்த்தாள்.

ஜெபமாலையின் ஐந்து பகுதிகளில் இரண்டாம் தேவரகசியம் முடிகிற சமயம் மேஜைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது. பழுப்பு நிறம். இன்னொன்று. பூவின் ஓரமாக ஒரு கோடு பிளந்து நகர்ந்தது.

எல்சி நேராக நடந்து வந்தாள். 'அருள் நிறைந்த மரியே' பாதியில் இருக்கும்போதே சுரூபத்தை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு, "பசங்களா, எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடுங்க. ஓடு, ஓடு," என்றாள்.

ஜெபம் நின்றது. "என்னம்மா எல்சி?" என்றார் ஃபாதர்.

"மேல ஒழுகுது ஃபாதர். ரெண்டு வருசமா ஒழுகுது. இந்தப் பலக அத்த மறைக்கத்தான் போட்டது. உள்ள தண்ணி நிக்குது. எல்லாரும் செவுத்தோரமா போயிடுங்க."

பயம் வருவதற்கு முன்னால் நாற்பது முகங்களிலும் ஒரு திருப்தி வந்து போனது. நாற்காலிகள் சுவரோரம் நகர்ந்தன. நடுவில் மேஜையும் அருள்பிரகாசமும் மட்டும் மிச்சம்.

"இறைமக்களே, பதற்றம் வேண்டாம்," என்றார் அவர். "இது ஏசித் தண்ணீர்."

"ஏசி எங்கபா கீது?" என்றார் சைமன்.

"போடப் போறோம்."

"போடாத ஏசி எப்டிபா ஒழுகும்?"

"அருள், நீங்களும் இப்படி வந்துடுங்க," என்று ஃபாதர் கூப்பிட்டார். வந்திருக்கலாம். கூப்பிட்டது ஃபாதர், மரியாதையோடு ஓரம் போக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் சைமன் சிரித்துக்கொண்டிருந்தார். அருள்பிரகாசம் கதவுக்குப் பின்னால் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார்.

"சந்தேகம் இருக்கிறவங்க பாத்துக்குங்க. கல்லு மாதிரி கீது."

பூவின் நடுவில் கம்பால் ஒரு குத்துக் குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சைமனுக்காகத் தனியாக இரண்டாவது குத்து, கொஞ்சம் பலமாக.

பூ மலர்ந்தது. எட்டு இதழும் ஒரே நேரத்தில் திறந்து, ஒரு பருவமழைத் தண்ணீரும் ஊறிய பலகையும் ஒயரும் செத்த பல்லி ஒன்றும் அவர் தலையில் இறங்கின. நாடகம் அதோடு முடியவில்லை. முழங்கால் வரை வெள்ளைச் சேறு வழிய அவர் ஒரு அடி பின்னால் வழுக்கிய நேரம், மேலே ஒரு முறிவுச் சத்தம். தாம்பாளம் அளவு காரைப் பாளம் ஒன்று மேஜையின் நடுவில் விழுந்து மேஜையை இரண்டாக்கியது. சற்று முன்னால் சுரூபம் இருந்த இடம். மேஜைக்கு எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்மேல் கல் சிதறியது.

எல்லாரும் அண்ணாந்தார்கள். பூ இருந்த ஓட்டைக்குள் டென்னிஸ் போட்ட தளம் தெரிந்தது. கம்பிகள் உப்பிச் சிவந்து, தோலுரித்த விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தொங்கின. எல்சி சுரூபத்தை இன்னும் இடுப்பில் வைத்திருந்தாள்.

அருள்பிரகாசம் கண்ணிலிருந்து சேற்றை வழித்தார். சாம்பல் புதன் நாலு மாதம் முன்னாடியே வந்து, ஃபாதர் கைதவறி மூட்டையோடு கொட்டிவிட்டது மாதிரி இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"இறைமக்களே! நான் மாதாமாதம் சொல்லி வந்தது இதைத்தான். சின்ன விரிசலை அலட்சியம் செய்தால்..."

பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள்.

ஃபாதர் சிரிப்பை அடக்க ஜெபப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு, "மீதி மூணு தேவரகசியத்தை வேற வீட்டுல முடிச்சிடுவோம். சைமன், எதிர்ல உங்க வீடுதானே?" என்றார்.

சைமனின் சிரிப்பு நின்றது. "நம்ம வூட்லயா? பெயிண்ட் அடிக்கறோம் ஃபாதர்."

மழைக் காலத்தில் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கட்டிலைப் பிரித்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. கடைசி வீட்டு அம்மா, சாவி எங்கோ வைத்து மறந்துவிட்டதாகச் சொல்லும்போது சாவி கையில் இருந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு, முப்பது குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்குக்கூட மாதாவைக் கூட்டிப் போக ஒரு காய்ந்த ஹால் இல்லை. கடைசியில் எல்லாரும் குடை பிடித்துக் கோயிலுக்கே போனார்கள். சிலுவைமுத்து மாற்றிய மூன்று ஓட்டுக்குக் கீழே, ஒரு சொட்டு நனையாமல், மீதி ஜெபமாலையைச் சொல்லி முடித்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதார் சாகிப் வந்தார். எல்சியே போய்க் கூப்பிட்டிருந்தாள். ஏணியை முன்வாசல் வழியாகக் கொண்டு வரச் சொல்லியிருந்தாள். அவர் ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கரண்டிக் காம்பால் தட்டக்கூட இல்லை.

"இது இனிமே அரை நாள் வேலை இல்ல எல்சிம்மா."

"தெரியும் பாய். சொல்லு."

"ஹால் தளம் மொத்தமும் ஒடச்சி எடுக்கணும். புதுக் கம்பி கட்டி, புதுசா காங்கிரீட் போடணும். மழ வுட்டாத்தான் போட முடியும். அதுவரைக்கும் சுத்து செவுத்துக்கு முட்டு குடுத்து நிக்க வைக்கணும். மூணு மாசம் வச்சிக்கோ."

எல்சி உள்பக்கம் திரும்பினாள். "உள் ரூம் தளம்?"

"அது நிக்கும். மூலைல ஒரு வெடிப்பு ஓடுது. முடி அளவுதான்."

"அப்ப அத்த இன்னிக்கே அடச்சிரு. எங்கப்பா தளத்துல அது ஒன்னாவது மிஞ்சட்டும்."

அருள்பிரகாசம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாய், முன்னால பெரிய பச்சைத் துணி ஒன்னு கட்டிட்டு வேலைய ஆரம்பி. தூசி வெளில போவக் கூடாது பாரு," என்றார்.

"கட்டாத பாய்," என்றாள் எல்சி. "தெறந்தே கெடக்கட்டும்."

வேலை நடந்தது. தேர்தலுக்கு முந்தைய அந்த நாலு நாளில் சந்தில் மதார் சாகிப்புக்கு இருந்த மரியாதை ஃபாதருக்குக்கூட இல்லை. டீக்கடையில் ஒருவர் காதில் கிசுகிசுத்தார். இன்னொருவர் கைலியைப் பிடித்து இழுத்தார். சைமன் பால்கனியிலிருந்து இறங்கி வந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பாய், நம்ம வூட்டாண்ட ஒரு தபா வந்துட்டு போ. இருட்டினப்பறம் வா. பின்பக்கமா வா," என்றார்.

"கூரைய அடைக்கறதுக்கு பின்பக்கமா ஏன் சார் வரணும்? நான் இன்னா சாராயமா காய்ச்சறேன்?"

முட்டுக்கழி பிடித்துக்கொண்டிருந்த எல்சிக்கு அது கேட்டது. அவள் சந்து முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "சைமன் அண்ணே, வெளிச்சத்துலயே கூப்டுங்க! பாய்க்கு ராவுல கண்ணு தெரியாது!"

பேப்பர் அன்றைக்குப் பால்கனிக்குத் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரவைத் தேர்தல். எல்சி போகவில்லை, உள் ரூம் பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். போனவர்கள் வந்து சொன்னார்கள்: துணைத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றதாகவும், அருள்பிரகாசம் எழுந்து, 'கூரை இடிந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் இந்தப் பங்கில் நான் ஒருவன்தான்' என்று பேசியதாகவும், கைதட்டல் அடங்க நேரமானதாகவும். மற்றவர் விலகிக்கொள்ள, ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக் கேள்வி கேட்காத ஒரு தலைவரை விட்டுவிட அவர்கள் என்ன முட்டாள்களா?

மத்தியானம் அவர் வீடு திரும்பினார். தோளில் ஜரிகைப் பொன்னாடை. பின்னால் வாழ்த்துச் சொல்ல ஏழெட்டு பேர். மேகம் கலைந்து வெயில் அடித்தது. ஹால் இருந்த இடத்தில் நான்கு சுவரும் வானமும் இருந்தன. முட்டுகளுக்கு நடுவே உடைத்த காரை இடுப்பளவு குவிந்து கிடந்தது. மதார் சாகிப் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாந்துச் சட்டியில் காரை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எல்சி," என்றார் அருள்பிரகாசம், மைக் தமிழில். "இன்று முதல் நான் பேரவையின் துணைத் தலைவர்."

எல்சி சட்டியை நிரப்பி முடித்து நிமிர்ந்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பின்னால் நின்றவர்களையும் பார்த்தாள்.

"பாய்க்கு சித்தாளு வரல. இந்தக் காரையெல்லாம் முக்குல போயி கொட்டணும்."

"இப்பவா? இப்ப எப்டி..." பயத்தின் தமிழ் வந்துவிட்டது. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வாழ்த்த வந்தவர்கள் ஒருவரும் நகரவில்லை. இதைவிட நல்ல காட்சி அவர்களுக்கு இந்த வருடம் கிடைக்காது. "தலைல வச்சா உறுத்துமே எல்சி. சும்மாடு கூட இல்ல."

எல்சி அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள். நாலு சுற்றுச் சுற்றி வளையமாக்கினாள். அதை அவர் தலையில் வைத்து, அழுத்திப் பார்த்து, ஜரிகை கண்ணில் படாமல் உள்ளே மடித்துவிட்டாள்.

"குனி," என்றாள்.

அவர் குனிந்தார்.